சிவப்பு அட்டை

அக்டோபர் 14, திங்கள்

விடியலிலேயே தூறல். கம்பெனி பஸ் இருபது நிமிடம் லேட். திருவிடந்தையில் ஏறியதிலிருந்து செங்கல்பட்டு வரை செல்வி என் தோளில் தூக்கம். எங்கள் தெருப் பெண். மூன்று மாதக் கர்ப்பம். என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். வேலை நிரந்தரமாகும்வரை கம்பெனிக்குத் தெரியக் கூடாதாம்.

இன்றுமுதல் நான் லைன் லீடர். மஞ்சள் தொப்பி. கழுத்தில் சிவப்பு அட்டை. லைனில் முப்பது பெண்கள், அட்டை ஒன்றே ஒன்று. அதை என்னிடம் வாங்கினால்தான் பாத்ரூம் போகலாம்.

வாங்க: வெங்காயம், தைலம், ரீசார்ஜ்.

15, செவ்வாய்

ஷி.இ. (ஷிப்ட் இன்சார்ஜ். பெயர் எழுதப் பிடிக்கவில்லை) கண்ணாடி அறையிலிருந்து போன். "மேடம், டார்கெட் முடியறவரைக்கும் யாருக்கும் கார்டு குடுக்காதீங்க." சரி சார் என்றேன். போனை வைத்ததும் மூன்று பேரை அனுப்பினேன். செல்வியை இரண்டு தடவை. அந்த ஆள் தலை நிமிரவேயில்லை.

வீட்டில் ஒரே பீற்றல். என் வீட்டுக்காரர் சிரித்தார். "அவன் ஒன் பக்கத்துல வந்து நின்னுகினு சொல்லட்டும். அப்ப பாக்கலாம் ஒன் வாய."

16, புதன்

சுள்ளென்று வெயில். தலைவலி.

வெளியாட்கள் லைனைப் பார்க்க வருகிறார்கள் என்று ஷி.இ. காலையிலேயே என் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். கை எட்டும் தூரம். என் மகன் வயசுதான் இருக்கும். சென்ட் வாசனை. கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

பதினொன்றரை மணிக்குச் செல்வி. "யக்கா, முட்டிக்கினு வருது. போய்ட்டு வந்துடட்டா?"

அட்டையைக் கழற்றக் கை போனது. சத்தியமாகப் போனது.

"பத்தே நிமிஷம் மேடம். எது வந்தாலும் நான் பொறுப்பு" என்றார் அவர்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு ஒரு நிம்மதி. எழுதவே வெட்கமாக இருக்கிறது. "பத்து நிமிஷம், செல்வி."

பக்கத்து லைன் லீடர் மேரியைப் பார்த்தேன். அவளும் தன் அட்டையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். அவள் கொடுத்திருந்தால் நானும் கொடுத்திருப்பேன்.

இன்னொரு பத்து. இன்னொரு பத்து. மூன்றாவது தடவை அவர் வாயைத் திறக்கவேயில்லை. நானேதான் சொன்னேன்.

பன்னிரண்டுக்குச் செல்வியின் ஸ்டூலுக்குக் கீழே ஈரம். யாரும் திரும்பவில்லை. ஒயர் கோக்கும் கை ஒன்றுகூட நிற்கவில்லை. அவள் கையும்தான்.

17, வியாழன்

செல்வி வரவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட் காலி. காய்ச்சல் என்று அவளுக்கு லீவு சொன்னது நான்.

ஷி.இ.: "நேத்து நல்லா சமாளிச்சீங்க மேடம்." நான்: "தேங்க்யூ சார்." இந்த வாயை அறைய வேண்டும்.

அட்டையை அவர் மேசையில் வீசுவதாக மனசுக்குள் நாலு தடவை ஒத்திகை. வீசவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மேரியிடம் கேட்டேன்: "இனிமே அவன் நின்னாலும் ரெண்டு பேரும் குடுத்துடலாமா?"

"நீ மொதல்ல குடு. பின்னாலயே நானும் குடுக்கறேன்."

நீதான் முதலில் என்றேன் நானும். மணி அடித்துவிட்டது.

தைலம் இன்றும் மறதி.

18, வெள்ளி

மழை. கல்யாண வரம் கேட்டுக் கோவிலுக்கு மாலையோடு வந்த கார்கள் தெருவை அடைத்திருந்தன. பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகச் செல்வி வீடு. நாலு ஆப்பிள். மன்னிப்புக் கேட்கத்தான்.

படுத்திருந்தாள். யூரின் இன்ஃபெக்‌ஷனாம். ஒரு வாரம் மாத்திரை. "புள்ளைக்கு ஒண்ணும் இல்லக்கா, டாக்டர் சொல்லிட்டாங்க." அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

"நீ இன்னாக்கா பண்ணுவ? அவன் பக்கத்துலயே நின்னுகினு இருந்தான்." அவள் எனக்குச் சமாதானம் சொல்கிறாள். நான்கு ஆப்பிளை வைத்துக்கொண்டு நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பேச்சு நடுவில் எழுந்து உட்கார்ந்தாள். நெளிந்தாள். போகாமல் என் கழுத்தையே பார்த்தாள். அப்போதுதான் தெரிந்தது, அவசரத்தில் அட்டையைக் கழற்றாமலே வந்திருக்கிறேன்.

"யக்கா, பாத்ரூம் போய்ட்டு வந்துடட்டா?"

அவள் வீடு. அவள் பாத்ரூம். ஷி.இ. இல்லை, யாரும் இல்லை.

"சீக்கிரம் வா" என்றேன்.