சேலையில் குத்திய விலைச் சீட்டு

புரட்டாசி, கடைசி வெள்ளி

முதலாளி இன்று எல்லாச் சேலைக்கும் விலைச் சீட்டு குத்திவிட்டார். இனி ஒரே விலை, பேரம் கிடையாது. பேரம் பேசித்தான் இத்தனை வருஷமாக இந்த ஜவுளிக் கடையில் நான் பிழைக்கிறேன்.

எப்போதும் என்னோடு மல்லுக்கு நிற்கும் ராணிப்பேட்டை அம்மா வந்தாள். "இன்னாய்யா, வாயில கொழுக்கட்டையா?" என்றாள். சீட்டைக் காட்டினேன். பார்த்தாள், பணத்தைக் கொடுத்தாள், போய்விட்டாள்.

"பாத்தியா, பேசாமலே வித்துப்போச்சு" என்றார் முதலாளி. தீபாவளிக்கு அப்புறம் கடைக்கு இத்தனை ஆள் எதற்கு என்று மற்றவர்களிடம் கேட்டாராம். வேறு கடைக்குப் போகலாமென்றால் ஆம்பூர்க் கடைகளிலும் சீட்டு வந்துவிட்டதாம். தோல் பதனிடும் ஷாப்பில் இந்த வயதில் யார் சேர்ப்பார்கள்?

ராத்திரி வீட்டுக்காரி, "இன்னா, பேச்சே காணோம்?" என்றாள்.

"இனிமே நானும் ஒரே வெலதான், பேச்சு கெடையாது."

சிரித்தாள். வேலை விஷயத்தை இன்னும் சொல்லவில்லை. தீபாவளி போகட்டும்.