தச்சமனுஷன்

என்னை நம்பிக் கெட்ட என் அன்பு மாமாவுக்கு,

வீட்டில் எல்லாரும் சௌக்கியம். உங்கள் மகனுக்கு பிரஷர் மாத்திரை ஒன்று கூடியிருக்கிறது. பேத்தி பிளஸ் டூவில் பயாலஜி எடுத்திருக்கிறாள். பொன்மலைப்பட்டி ரோட்டை மறுபடியும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். இதையெல்லாம் முதலில் எழுதுவது, சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போடத்தான்.

மாமனாருக்கு மருமகள் நாலு பேர் படிக்கிற மாதிரி கடிதம் எழுதுவது நம் வீட்டில் வழக்கமில்லை. ஆனால் நான் செய்த தப்பு உங்களை நாலு பேர் நடுவில்தான் தலைகுனிய வைத்தது. ஒப்புக்கொள்வதை மட்டும் தனியாக உங்கள் படத்துக்கு முன்னால் நின்று முணுமுணுத்துவிட்டுப் போனால் சரியா?

உங்களுக்குத் தெரிந்த கதைதான், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். உங்கள் குடும்பத்தின் முதல் ஆள் ஜெர்மனியிலிருந்து வந்த சிம்மர்மன் என்பவர். கம்பெனிக் காலத்துப் பட்டாளத்தோடு திருச்சிக்கு வந்தவர், மலைக்கோட்டைப் பக்கமே தங்கி, இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். அவர் மகன் ஆபிரகாம். ஆபிரகாமிலிருந்து உங்கள் வரைக்கும் பெயர்கள் வரிசையாகத் தெரியும். ஆபிரகாமுக்கு மேலே இருந்த அந்த ஒரு பெயருக்கு மட்டும் ஆதாரம் இல்லை. உங்கள் அப்பா சொன்ன வாய்வார்த்தை ஒன்றுதான்.

அதை வைத்துக்கொண்டு உங்கள் பெரியப்பா மகன், செல்லையா பெரிய மாமா, உங்களைப் படுத்தாத பாடு இல்லை. கல்யாண வீடானாலும் ஜெபக்கூட்டமானாலும், "வாங்க துரை, உக்காருங்க" என்பார். "உங்கப்பன் விட்ட புளுகை நீ இன்னும் சுமந்துக்கிட்டுத் திரியறியேடா" என்பார். நீங்கள் சிரித்து மழுப்புவீர்கள். வெள்ளைக்காரப் பெருமைக்கு ஆசைப்படுகிறீர்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

சபையின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் பார்க்க அனுமதி கிடைத்தபோது உங்கள் கண் போய்விட்டிருந்தது. சர்க்கரை. அதோடு அந்தப் பழைய கையெழுத்தில் புள்ளியே கிடையாது, துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஸ்கூலில் தமிழ் நடத்துகிறவள், கல்லூரியில் சுவடி படித்தவள். என்னைக் கேட்கும்போது எவ்வளவு தயங்கினீர்கள்! ஸ்ரீரங்கத்திலிருந்து ரங்கநாதர் படத்தோடு வந்த மருமகளுக்கு, யாரும் கேட்காமலே அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து கொடுத்த மனிதர் நீங்கள். உங்களுக்கு நான் செய்ய வேண்டியிருந்ததெல்லாம் உட்கார்ந்து வாசிப்பது.

சனிக்கிழமை தோறும் பஸ் பிடித்து சபை அலுவலகத்துக்குப் போனோம். முதல் நாள் பஸ்ஸில் நீங்கள் சொன்னது இப்போது வரிக்கு வரி ஞாபகம் வருகிறது. "வெள்ளைக்காரன் கிடைக்கணும்னு இல்லம்மா. எங்கப்பா புளுகலைன்னு தெரிஞ்சா போதும், நான் கண்ணை மூடிடுவேன்." பிறகு, "சிம்மர்மன்னா அவங்க பாஷைல தச்சு வேலை செய்யற ஆளுன்னு அர்த்தமாம்" என்றீர்கள். நான் போனில் பத்தாம் வகுப்பு மார்க்கை ஏற்றிக்கொண்டிருந்தேன். "ம்" என்றேன்.

"ஒரு வரி விடாம சத்தமா வாசிம்மா, எனக்குக் கேக்கணும்" என்றீர்கள். நாலு சனிக்கிழமை அப்படித்தான் வாசித்தேன். பிள்ளை பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், ஊர். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் தலையாட்டிக்கொண்டு, ஏதோ உறவுக்காரர்கள் வீட்டுக்குள் வரிசையாக வருவதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

ஐந்தாவது சனிக்கிழமை கடைசிப் பதிவேடு. அன்றைக்கு ஸ்ரீரங்கத்தில் என் தங்கைக்கு வளைகாப்பு. பதினோரு மணிக்கு நான் அங்கே இருக்க வேண்டும். உங்களிடம் சொல்லியிருந்தால், "அடுத்த வாரம் பாத்துக்கலாம், நீ கிளம்பும்மா" என்றிருப்பீர்கள். அடுத்த வாரமும் வர வேண்டுமே என்றுதான் சொல்லவில்லை. சலித்துப் போயிருந்தது மாமா. அதுதான் உண்மை.

"தொண்டை கட்டியிருக்கு மாமா, மனசுக்குள்ளயே வாசிக்கிறேன். சிம்மர்மன் வந்தா சொல்றேன்" என்றேன். தொண்டை நன்றாகத்தான் இருந்தது. அப்பா பெயர் எழுதிய பத்தியில் மட்டும் விரலை ஓட்டி, 'சிம்' என்று எங்கேயாவது கண்ணில் படுகிறதா என்று பார்த்தேன். ஒரு பக்கத்தை வாசிக்கிற நேரத்தில் பத்துப் பக்கம் புரண்டது. புத்தகத்தை மூடிவிட்டு, "இல்லை மாமா" என்றேன்.

முகத்தை என் பக்கம் திருப்பினீர்கள். "விடாம வாசிச்சியாம்மா?"

"விடாம வாசிச்சேன் மாமா."

கேள்வித்தாளை முழுசாகப் படிக்காமல் விடை எழுதுகிற பிள்ளைகளை வெளுத்து வாங்குகிறவள் நான். அந்த வாயால்தான் இதையும் சொன்னேன். "உன்னை வீணா அலைய வெச்சிட்டேன்" என்று என்னிடமே வருத்தப்பட்டீர்கள். உங்களை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு வளைகாப்புக்குப் போய், கலவை சாதம் எல்லாவற்றையும் ருசித்துச் சாப்பிட்டேன்.

அதோடு முடிந்திருந்தால்கூட என்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருப்பேன். அந்த மாதமே பாலக்கரையில், செல்லையா பெரிய மாமா வீட்டில், குடும்ப ஜெபக்கூட்டம் வந்தது. ஜெபம் முடிந்து தட்டில் கேசரி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தீர்கள்.

"ஒரு விஷயம் சொல்லிடறேன். எங்கப்பா சொன்னது நிஜமில்லை. என் மருமக ஒரு வரி விடாம வாசிச்சிட்டா. இத்தனை வருஷம் உங்க எல்லார்கிட்டயும் பொய் சொல்லிட்டேன். மன்னிச்சுக்குங்க."

செல்லையா பெரிய மாமாவுக்கே தர்மசங்கடமாகிவிட்டது. "விடுடா, உக்காரு" என்றார். நான் கேசரித் தட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'இல்லை மாமா, இன்னொரு தடவை பார்க்கலாம்' என்றாவது சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? என் மரியாதை போய்விடுமே என்றுதானே? பெற்ற தகப்பனைப் பொய்யன் என்று உங்கள் வாயாலேயே சொல்ல வைத்தேன். அதற்குப் பிறகு உங்கள் அப்பாவைப் பற்றி நீங்கள் பேசி நான் கேட்கவில்லை.

ஐப்பசி மழையில் நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள். போன மாதம் உங்கள் அடக்கப் பதிவின் நகல் வாங்க அதே அலுவலகத்துக்குப் போனேன். போதகர் வந்து கையெழுத்துப் போடும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். அங்கே வேலை பார்க்கும் அம்மா பழைய பழக்கத்தில், "புக்கை எடுத்துத் தரட்டுங்களா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

கடைசிப் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து சத்தமாக வாசித்தேன். "இப்ப யாருக்கும்மா வாசிக்கிறீங்க?" என்றார் அந்த அம்மா. வாசித்துக்கொண்டே போனேன். பாதிப் புத்தகம் தாண்டி அந்த வரி வந்தது. பிள்ளை, ஆபிரகாம். தகப்பன், யோகான் தச்சமனுஷன். தாய், ஞானப்பூ. தேசம், செர்மானியா.

தச்சமனுஷன்! தமிழில் யாராவது அப்படிச் சொல்வார்களா மாமா? தச்சர் என்போம், ஆசாரி என்போம். வெள்ளைக்காரர் தன் பெயருக்கு அர்த்தம் சொல்லியிருப்பார். பதிவேட்டை எழுதிய சபை உபதேசியார் சிம்மர் என்பதைத் தச்சாக்கி, மன் என்பதை மனுஷனாக்கி, அர்த்தத்தையே பெயராக எழுதிவிட்டார். அன்றைக்கு அந்தச் சொல் என் விரலுக்கு அடியில்தான் போயிருக்க வேண்டும். சத்தமாக வாசித்திருந்தாலும் நான் கண்டுபிடித்திருக்க மாட்டேன். நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். காதில் விழுந்த மறு நொடியே, "நிறுத்தும்மா, நிறுத்து" என்று கையைப் பிடித்திருப்பீர்கள். அந்தப் பக்கத்தின் மேலேயே தலையை வைத்து அழுதேன்.

உங்கள் மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு, "கிடைச்சதை மட்டும் எல்லார்கிட்டயும் சொல்லு. அன்னிக்கு வாசிக்கலைங்கிறதை எதுக்குச் சொல்லணும்? நீ எதுக்கு அசிங்கப்படணும்?" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அப்படிச் சொன்னால், கண்டுபிடித்த கெட்டிக்கார மருமகள் என்று எனக்கல்லவா பெயர் வரும்?

வருகிற ஞாயிற்றுக்கிழமை பாலக்கரையில் ஜெபக்கூட்டம். நீங்கள் எழுந்து நின்ற இடத்தில் நான் எழுந்து நிற்பேன். மாமாவின் அப்பா புளுகவில்லை, மாமாவும் புளுகவில்லை, இந்தக் குடும்பத்தில் புளுகியது நான் ஒருத்திதான் என்று சொல்வேன். செல்லையா பெரிய மாமாவுக்கு இப்போது காது அவ்வளவாகக் கேட்பதில்லை. பரவாயில்லை மாமா. சத்தமாகவே சொல்கிறேன்.

உங்களிடம் பொய் சொன்ன,
உங்கள் மருமகள்
மைதிலி