புளூரைடு விஷமென்று சொன்ன அப்பாவுக்கு

புதுக்கடை,
ஞாயிறு, ஆராதனை முடிந்து.

அன்புள்ள ஜினிஷா அப்பாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் இருக்கிறோம். சுகம் என்று எழுத மனம் வரவில்லை. போனில் பேசினால் அங்கே அறையில் ஐந்து பேர் கேட்கிறார்கள், இங்கே பிள்ளை என்னை விட்டு நகர மாட்டாள். அதனால்தான் இன்று மஸ்கட் திரும்பும் ஞானதாசன் அண்ணன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனைப் பாதியில் வைப்பதுபோல இதையும் மடித்து வைத்துவிடாதீர்கள்.

ஜினிஷாவின் கடைவாய்ப் பல் ஒன்றைப் புதனன்று பிடுங்கியாயிற்று. அதற்கு முன் கன்னம் வீங்கி மூன்று நாள் கஞ்சி கூட இறங்கவில்லை. ஏழு வயதுப் பிள்ளை. வலி தொடங்கியபோதே உங்களிடம் சொன்னேன். "பால்பல்லுதானே, விழுந்து முளைக்கும்" என்று சொல்லி ஒரு சிரிப்புப் படமும் அனுப்பினீர்கள். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன வருஷம் யாரோ ஒரு வீடியோ அனுப்ப, புளூரைடு விஷம் என்று நீங்கள் முடிவுகட்டினீர்கள். அது கலந்த பல் பேஸ்டைத் தூக்கிப் போடச் சொன்னீர்கள். நானும் மண்டையை ஆட்டிக்கொண்டு போட்டேன். என் மேலும் எனக்குக் கோபம்தான். அதே மாதம் வந்த பார்சலில் ஒரு பை நிறைய மிட்டாய். அதை விஷம் என்று எந்த வீடியோவும் சொல்லவில்லை போலிருக்கிறது!

பல் டாக்டர் ஷைஜா பொறுமையாக விளக்கினார். வாயிலுள்ள கிருமி இனிப்பைத் தின்று அமிலம் கக்குமாம். அதுதான் பல்லை அரிக்கிறது. புளூரைடு அந்தக் கிருமிக்குள் நுழைந்து, இனிப்பைச் செரிக்கும் வேலையையே மந்தமாக்கிவிடுமாம். கிருமி அமிலம் கக்கக் கக்க, புளூரைடு இன்னும் சுலபமாக உள்ளே போகுமாம். அரிக்கத் தொடங்கிய பல்லையும் கெட்டிப்படுத்துமாம். குடிதண்ணீரில் அளவுக்கு மிஞ்சினால் கெடுதிதான், நீங்கள் வீடியோவில் பார்த்தது அதுவாக இருக்கும். பட்டாணி அளவு பேஸ்டைத் தேய்த்துத் துப்புவதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

இப்போது புதிதாக முளைத்த பெரிய பல்லிலும் வெள்ளைத் திட்டு விழுந்திருக்கிறது, அரிப்பின் தொடக்கமாம். இது போனால் வேறு முளைக்காது. புளூரைடு பூசிக் காப்பாற்றலாம் என்கிறார் டாக்டர். உங்கள் மகள் வாயைத் திறந்தால்தானே! என் போனைப் பிடுங்கி, நீங்கள் அன்று அனுப்பிய குரல் செய்தியை டாக்டருக்கே போட்டுக் காட்டினாள். "மக்கா, அது விஷமாக்கும். யாரு தந்தாலும் வாயில வச்சிராத, கேட்டியா?" நர்ஸ் சிரித்துவிட்டாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "அப்பா சொன்னாவ" என்று பிள்ளை ஒரே பிடி.

கடைசியாக உங்களை நேரில் பார்த்தபோது அவளுக்கு நாலு வயது. அதற்குப் பிறகு அவளுக்கு அப்பா என்றால் அந்தக் குரல்தான். நான் ஊட்டுகிறேன், குளிப்பாட்டுகிறேன், அடிக்கவும் செய்கிறேன். என் பேச்சு எடுபடாது. உன் அப்பா சொன்னது தப்பு என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டேன்.

வியாழக்கிழமை மறுபடி போக வேண்டும். அதற்குள், தெரியாமல் சொல்லிவிட்டேன் மக்கா என்று நீங்களே அவளிடம் சொல்லுங்கள். கர்த்தர் உங்களைச் சுகமாக வைக்கட்டும். அந்தத் தப்பை என் வாயால் சொல்ல மட்டும் வைத்துவிடாதீர்கள். அப்புறம் அவளை யார் குரலைக் கேட்கச் சொல்லுவேன்?

இப்படிக்கு,
கோபம் தீராத
பெமிலா