ஏல நாற்காலியை விட்டு எழாதவன்

போடிநாயக்கனூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் ராம்பிரசாத்துக்கு அப்பா எழுதுவது. கனடாக் குளிரில் நீ சுகமாக இருக்க வேண்டும் என்று உன் அம்மா தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறாள். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத இந்தத் தடவை எனக்குக் கை வரவில்லை. உன் தம்பி அருள்பாண்டி செவ்வாய்க்கிழமை ஏல ஹாலில் மயங்கி விழுந்துவிட்டான். மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். உயிருக்குப் பயமில்லை, குடலுக்குத்தான் பயம். போனில் சொன்னால் வேலைக்கு நடுவில் சரிப்பா, சரிப்பா என்று கேட்டுக்கொள்வாய், அம்மாவும் பக்கத்தில் நின்று அழுது பேச்சைக் கெடுப்பாள். அதனால் கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். முழுக்கப் படித்துவிட்டுக் கூப்பிடு.

அவன் விழுந்தபோது நம் கணக்குப்பிள்ளை காமராஜ் பக்கத்தில் இருந்திருக்கிறார். அப்போது ஏலத்துக்கு வந்தது நல்ல லாட்டாம், பச்சை மாறாத உருண்டை ஏலக்காய். திரையில் விலை ஏற ஏற இவன் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தானாம், சட்டையெல்லாம் வேர்வை. தம்பி, எந்திரிச்சு வெளிய போய்ட்டு வாங்க, நான் பார்த்துக்கிறேன் என்று காமராஜ் சொன்னதற்கு, சும்மா இருங்கண்ணே, நீங்க அமுக்குனா சருகையும் காய்னு வாங்கிப்புடுவீங்க என்று கேலி பேசியிருக்கிறான். லாட்டு நம் பேருக்கு விழுந்தது, இவனும் விழுந்தான். தூக்கும்போது நாற்காலியில் ரத்தமாம்.

குடல் உள்ளே புண்ணாகித் தடித்து ஒரு இடத்தில் சுருங்கிக் கிடக்கிறது என்று டாக்டர் படத்தைக் காட்டினார். கிரோன் நோய் என்று பெயராம். வெளிக் கிருமியை அடிக்க வேண்டிய உடம்பின் சக்தி சொந்தக் குடலையே அடிக்கிறது, ஒரேயடியாகத் தீராது, ஆனால் அடக்கி வைக்கலாம் என்றார். இதில் என் வயிறு எரிவது எதற்கென்றால், இது அவனுக்குப் போன வருஷமே தெரியும். தேனியில் ஒரு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். சாப்பாட்டுக்குப் பின் போட வேண்டிய மாத்திரை. இவன் ஏல நாளில் சாப்பிடவே மாட்டான். சாப்பிட்டால் நடுவில் எழுந்து போக வேண்டி வரும், எழுந்தால் லாட்டு போய்விடும், அதனால் காலையிலிருந்து தண்ணீரும் இல்லை, மாத்திரையும் இல்லை. இன்றைக்குப் புத்தடியில், நாளைக்குப் போடியில் என்று நம் தொழிலில் ஏலமில்லாத நாள் ஏது? வலிக்கு மெடிக்கலில் அவனாக வலி மாத்திரை வாங்கி விழுங்கியிருக்கிறான், அது குடலை இன்னும் கெடுக்குமாம். ராத்திரிதான் முதல் சாப்பாடு, பரோட்டாவும் சால்னாவும் ஒரு பாட்டில் கலரும், அப்புறம் சிகரெட், அப்புறம் விடிய விடிய போனில் விலை நிலவரம். வீட்டில் அம்மா எடுத்து வைத்த சோறு அப்படியே இருக்கும். ஓட்டல்ல சாப்பிட்டேன் ஆத்தா என்பான். வியாபாரத்தில் கெட்டிக்காரன் என்று நானும் அவனை நாலு பேரிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தேன்.

நான் டாக்டரிடம் நேராகவே கேட்டேன், பரோட்டாதான் காரணமா, சொல்லுங்க, அந்தக் கடைக்காரனை ஒரு வழி பண்ணிடுறேன் என்று. அவர் சிரித்துவிட்டார். ஒரு பண்டத்தைக் கைகாட்ட முடியாது, இதற்கு இடம் கொடுக்கிற வாகு பிறப்பிலேயே சிலருக்கு இருக்கும், தூக்கம் கெடுவது, உட்கார்ந்தே கிடப்பது, பாக்கெட் தீனி, சிகரெட் எல்லாம் சேர்ந்து அதைக் கிளப்பிவிடும், கிளம்பியதை ஆற விடாது என்றார். எனக்கு அது புரிந்தது. ஏலச் செடியில் அழுகல் வந்தால் மழையை மட்டுமா திட்டுகிறோம், தண்ணி தேங்கியதையும் நிழல் அடைத்ததையும் சேர்த்துத்தானே பார்க்கிறோம். அதற்காக அந்தக் காலத்துச் சாப்பாடு அமிர்தம் என்று பேச நான் ஆளில்லை. அந்தக் காலத்தில் வயிற்றுப்போக்கில் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆனால் பெற்ற பிள்ளை ரத்தத்தின் மேல் உட்கார்ந்து விலை கேட்பதை நான் எங்கும் கண்டதில்லை.

இப்போது ஊசி மருந்து ஆரம்பிக்க வேண்டும், தள்ளிப்போட்டால் சுருங்கிய குடலை வெட்டி எடுக்க வேண்டி வரும் என்கிறார்கள். இவன் வேண்டாம் என்று படுத்திருந்தான். ஊசி போட்டா எதிர்ப்புச் சக்தி கொறஞ்சிரும், கூட்டத்துல உக்காராதேம்பாங்க, நான் ஒரு மாசம் வரலேன்னா நம்ம ஆட்டம் முடிஞ்சுதுன்னு மத்த யாவாரிங்க சொல்லுவானுங்க என்றான். அம்மாவோ, அவனுக்கு ராசிங்காபுரத்தில் பெண் பேசியிருக்கும் நேரத்தில் வெளியே சொல்லாதீர்கள் என்கிறாள். நான் நேற்றே பெண் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். சரக்கில் குறை இருந்தால் விலை பேசுமுன் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். யோசிச்சுச் சொல்றோம் என்றார்கள், சொல்லட்டும். மலை ஏறி இறங்கிச் சம்பாதித்த இத்தனை வருஷத்தில் யாரிடமும் விலைக்குக் கெஞ்சாதவன், நேற்று அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அவன் காலைப் பிடித்துக் கெஞ்சிவிட்டேன், அப்பு. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அதற்கு மேல் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

நேற்றுச் சாயங்காலம் டாக்டர் வந்து, வீட்டில் வேறு யாருக்காவது காலையில் முதுகு இறுகி, நடந்தால் சரியாகிற மாதிரி வலி உண்டா என்று கேட்டார். நான் இல்லை என்றேன். இவன் சட்டென்று எழுந்து உட்கார்ந்தான். அண்ணனுக்கு இருக்கு டாக்டர், காலையில குனிஞ்சு சாக்ஸ் போட முடியல, செவுத்தப் பிடிச்சுத்தான் நடக்குறான், ராத்திரி வேலை, வலி மாத்திரையிலதான் ஓடுது, வீட்டுல சொல்லாதடான்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிருக்கான் என்றான். அதுவும் இதே வகை அழற்சியாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், பார்க்காமல் விட்டால் நாளாக நாளாக முதுகெலும்பே ஒட்டிப்போகலாம், ரத்தம் பார்த்து, முதுகைப் படம் எடுத்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். ரெண்டு பேரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கியிருக்கிறீர்கள். திட்டத் தெம்பில்லை. நீ பிழைக்கப் போன இடத்தில் சூடாக ஒரு வாய் சோறு கிடைக்கிறதா, எப்போது தூங்குகிறாய், அதைக்கூட ஒரு நாளும் நீ நிஜமாகச் சொன்னதில்லை.

டாக்டர் போன பிறகு உன் தம்பியே பேரம் ஆரம்பித்தான், என் மகன்தானே. ராத்திரி வெகு நேரம் பேசி முடித்தோம். கடவுள் உன்னையும் அவனையும் நோய் நொடி இல்லாமல் நூறு வயசு வைக்கட்டும், அம்மாவின் ஆசீர்வாதமும் இதோடு சேர்த்தி. மறந்துவிடாதே, பேசி முடித்தது இதுதான். ஊசிக்குமுன் பார்க்க வேண்டிய காசநோய்ப் பரிசோதனை சரியாக வந்ததும் அவன் முதல் ஊசி போட்டுக்கொள்வான். சிகரெட்டையும் கண்ட வலி மாத்திரையையும் தொட மாட்டான். உடம்பு தேறும்வரை அவன் நாற்காலியில் நான் உட்காருவேன், பொத்தான் அமுக்கக் காமராஜ் சொல்லித் தருவார், ஊரார் சிரித்தால் சிரிக்கட்டும். இரண்டாவது ஊசிக்குமுன் நீ அங்கே டாக்டரைப் பார்த்து, ரத்தச் சோதனை முடிவையும் முதுகுப் படத்தையும் அவன் போனுக்கு அனுப்ப வேண்டும். வராவிட்டால் ஊசி இல்லை என்கிறான். உன்னைக் கேட்காமலே உன் பேரில் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
பெரியகருப்பன்