இரண்டும் ஒன்றுதான் என்று நான் சொன்னது

அன்புள்ள வாண்டுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது, அப்பாவின் இருமல்கூடக் குறைந்துவிட்டது, உன் உடம்பும் அப்படியே இருக்கட்டும். இருபது வயதுக்காரியை இன்னும் வாண்டு என்று கூப்பிடலாமா என்று கோபித்துக்கொள்ளாதே, நீ பட்டம் வாங்கியதும் மாற்றிக்கொள்கிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் வரும்போது அப்பா என் தோளோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறார், மற்ற நாட்களில் நான் போனை எடுத்தால் யாரு, வாண்டா என்று அடுத்த அறையிலிருந்து குரல் வருகிறது. அதனால் ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். தண்ணீர் மாதிரிகளை இன்குபேட்டரில் வைத்தாகிவிட்டது, அவை தயாராகும் வரை இந்த லேபில் என்னை யாரும் தேடமாட்டார்கள்.

உன் மெசேஜைப் பலமுறை படித்துவிட்டேன். எனக்கு எதுன்னாலும் சரிம்மா, அப்பா சொன்னார், நீங்களும் அத்தை வீட்டுப் பக்கத்துக் கல்லூரிதான் நல்லதுன்னு சொன்னீங்களாமே, அதுலயே சேர்ந்துடறேன் என்று எழுதியிருக்கிறாய். நான் அப்படிச் சொல்லவில்லை. நான் சொன்னது வேறு. போன மாதம் உன் ஊருக்கு வந்து, உன்னோடு இரண்டு கல்லூரியையும் பார்த்துவிட்டுத் திரும்பிய அன்று, பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை, ரெண்டு காலேஜும் எப்படி என்று அப்பா கேட்டார். இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னேன். பயணக் களைப்பு ஒரு பக்கம், எதையும் உடனே சொல்லிவிடாத என் பழக்கம் இன்னொரு பக்கம். இரண்டு இடத்திலும் நான் முதலில் போய்ப் பார்த்தது கழிப்பறையை, இரண்டும் சுத்தம். இரண்டு கல்லூரியின் விளம்பரப் புத்தகத்திலும் பிள்ளைகள் புல்தரையில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள், ஒருத்தர் கையிலும் புத்தகம் இல்லை. பிசியோதெரபிக்கு இரண்டிலும் அதே பாடத்திட்டம், கடைசி வருடப் பயிற்சிக்கு அதே ஆஸ்பத்திரி. அத்தை வீட்டுப் பக்கத்தில் நம் மொழியில் நடத்துகிறார்கள், பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பதில் அந்த ஊர் மொழியில், அவ்வளவுதான் வித்தியாசம் என்றேன். அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். ஒண்ணுன்னா அப்புறம் என்ன யோசனை, அக்கா வீடு பக்கத்துலயே இருக்கே என்று அந்த நிமிடமே அத்தைக்குப் போன் போட்டுவிட்டார். நான் கைகால் கழுவிவிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் எந்தப் பக்கமும் சாயாமல் சொன்னதாக நினைத்தேன், அதுவே ஒரு பக்கத்து ஓட்டாகப் போய்விட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு கதவு மூடிக்கொள்கிறது. மாடி அறையில் நாலு வருடமாக இருந்த பேங்க்காரரை அத்தை காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். ஜன்னலுக்குப் புதுக் கம்பி போட்டாயிற்று. நேற்று என்னைக் கூப்பிட்டு, வாண்டு இடது கையா வலது கையா, மறந்தே போச்சு, மேஜையை எந்தப் பக்கம் போட்டா எழுதுறப்போ நிழல் விழாது என்று கேட்டார்கள். இப்படிக் கேட்கிற மனுஷியிடம் என்னத்தைச் சொல்வது. நான் ஆபரேஷன் முடிந்து படுக்கையில் கிடந்தபோது தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்து, குளியலறையில் ஸ்டூல் போட்டு என்னை உட்கார வைத்து, முகம் சுளிக்காமல் எனக்குத் தலை தேய்த்துவிட்டவர்கள். வலது கை என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். தண்ணீர் கெட்டிருந்தால் குடிக்கத் தகாதது என்று எழுதிக் கையெழுத்துப் போட எனக்கு ஒரு நிமிடம் ஆகாது, மேலதிகாரி முறைத்தாலும் மாற்றமாட்டேன். வீட்டில் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்ல எனக்கு வருவதில்லை.

அப்பாவையும் குறை சொல்லாதே. அவருக்கு பயம். அந்த மொழியில படிச்சா அதுலயே சிநேகம் பிடிப்பா, அதுலயே கல்யாணம் பண்ணிப்பா, அதுலயே சண்டை போடுவா, நாம ரெண்டு பேரும் பேந்தப் பேந்த முழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்போம் என்கிறார். சண்டை எந்த மொழியில் போட்டாலும் புரியும் என்றேன். சிரித்தார், ஆனால் விடவில்லை. எனக்கும் அந்த பயம் இல்லை என்று சொல்லமாட்டேன். உன் ஊரில் மூன்று நாளும் எனக்கு மூச்சு முட்டியது. பஸ்ஸில் நிறுத்தத்தின் பெயரை இரண்டு மொழியிலும் சொல்லி முடிப்பதற்குள் நிறுத்தமே தாண்டிவிடுகிறது. கடைக்காரர்கள் என் முகத்தைப் பார்த்து எந்த மொழியில் ஆரம்பிக்கலாம் என்று யோசிக்கிறார்கள், நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த ஆளிடம் போய்விடுகிறார்கள்.

இப்போது அப்பாவிடம் சொல்லாததைச் சொல்கிறேன். அத்தை வீட்டுப் பக்கத்துக் கல்லூரியில் நீ மடியில் கையை வைத்துக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்த மாதிரி இருந்தாய். அந்த ஆசிரியர்கள் நல்லவர்கள், தப்பு அவர்கள் பேரில் இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கக் கல்லூரியில், பயிற்சிக் கூடத்தில், முழங்கால் மடங்காத ஒரு பெரியவர் முன்னால் உன்னை உட்காரச் சொன்னார்கள். நீ தரையில் மண்டியிட்டு அவர் குதிகாலை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு அந்த மொழியில் மளமளவென்று பேசினாய். அவர் ஏதோ முனகினார், நீ பதிலுக்கு ஏதோ சொன்னாய், அவர் வயிறு குலுங்கச் சிரித்தார், சிரிப்பில் கால் இன்னும் கொஞ்சம் மடங்கியது. என்னடி சொன்னே என்று உன்னைக் கேட்டேன், சும்மாம்மா என்றாய். நம் வீட்டில் இத்தனை வருடத்தில் நீ யாரிடமும் அப்படிச் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். யாருடைய பெண்ணையோ பார்ப்பது போல இருந்தது. ஆனாலும் இரண்டும் ஒன்றில்லை, அது எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

எதுன்னாலும் சரி என்று நீ எழுதுவது பொய். அந்த வாக்கியத்தை எனக்கு நன்றாகத் தெரியும், நானே வாழ்நாள் முழுக்க எழுதியது. நீ அந்தப் பக்கக் கல்லூரியில் சேர். கடைசி நாள் வெள்ளிக்கிழமை, அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிடும். யாரிடமும் கேட்காமல் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, என் ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிட்டுச் சொல். அன்று சாயங்காலமே அப்பாவிடம் சொல்லி, அவர் எதிரிலேயே அத்தையைக் கூப்பிடுகிறேன். முன்கூட்டியே ஏன் சொல்லக்கூடாது என்று கேட்காதே. சொன்னால் அத்தை அழுவார்கள், அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவார், நான் இரண்டு நாள் தாங்குவேன், மூன்றாம் நாள் உனக்குப் போன் போட்டு, போகட்டும் அத்தை வீட்டிலேயே இருந்துக்கோடி என்பேன். நீ சேர்ந்த பிறகும் அப்படிக் கூப்பிட்டாலும் கூப்பிடுவேன், என் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியும். போனில் பேசுகிறவளை நம்பாதே. இதை எழுதுகிறவளை நம்பு.

நீ நினைத்தது நடக்கட்டும், கை நோகாமல், மனது நோகாமல் படித்து வா. அத்தைக்கு நீயும் தனியாக ஒரு போன் செய், என் தலையில் கட்டிவிடாதே. குளிரில் வெறுங்காலோடு மாடிப்படியில் ஓடாதே, சாக்ஸ் வாங்கி அனுப்பியிருக்கிறேன்.

என்றும் உன் நலம் நாடும்,
அம்மா