மலையுச்சியில் பெயர் போடாத பக்கங்கள்

அக். 23, வியாழன்
நல்ல குளிர். கார் டயருக்குக் காற்று. சனிக்கிழமை வாசகர் வட்டத்தோடு மலையேற்றம். ஷூ எங்கே?

கலா ஒரு பக்கக் கதை எழுதி, வட்டத்தை நடத்தும் நித்யாவுக்கு அனுப்பிவிட்டாள். புருஷன் என்னிடம்கூடக் காட்டவில்லை. நித்யா பெயர் சொல்லாமல் வாசிப்பாள். எல்லோரும் கருத்துச் சொன்ன பிறகுதான் எழுதியவர் கை தூக்கலாம்.

"போன மூணு தடவையும் யாரும் வாயே திறக்கல. இந்த தடவையும் அப்படின்னா எழுதறத விட்டுடறேன்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். இந்தத் தடவை முதல் ஆளாய் நானே பாராட்டிவிடுவேன். பார்த்துவிடலாம், நான் எதற்கு இருக்கிறேன்!

அக். 25, சனி
வெயில். அடேயப்பா, என்ன நிறம்! மேப்பிள் சிவப்பு, ஓக் பழுப்பு, நடுவே பெயர் தெரியாத மஞ்சள். எங்கள் ஊர் பிஸ்கட்டவேயிலிருந்து ஒரு மணி நேரத்தில் இப்படியொரு காடு. இத்தனை வருஷம் பார்க்காமல் இருந்திருக்கிறேன், மடையன்.

உச்சியில் கல்வீடு. முன்பு ஒரு கவிஞர் தனியாகத் தங்கி எழுதிய இடமாம். ஒரு மேசை, ஒரு ஜன்னல், அவ்வளவுதான். யாரும் சொல்லாமலே எல்லோரும் வாசலில் ஷூவைக் கழற்றினோம். பின்னால் வந்த அமெரிக்கத் தம்பதியும் குழம்பிப்போய்க் கழற்றினார்கள்.

வெளியே புளியோதரை, தட்டை. பிறகு வாசிப்பு.

முதல் பக்கம், ஜன்னலோர மல்லிகைத் தொட்டி பற்றி. எங்கள் வீட்டுத் தொட்டியேதான்! "பிரமாதம்! இப்படி எழுத யாரால முடியும்!" விடாமல் பேசினேன். கலா தலைகுனிந்திருந்தாள். வெட்கம் என்று நினைத்தேன்.

அடுத்தது. அமெரிக்காவில், இர்விங் ஊரில் ஒரு புதுப்பெண். புருஷன் ஆபீஸ் போனதும், தமிழ் பேச ஆளில்லாமல் வாஷிங் மெஷினிடம் பேசுகிறாள். "என்ன, இன்னிக்கு ரொம்ப சத்தம்? உனக்கும் கோவமா?" எல்லோரும் சிரித்தோம். சாயங்காலம் அவன் வந்து, "போரடிச்சுதா?" என்கிறான். "இல்லையே" என்கிறாள்.

அந்தக் கேள்வி நான் கேட்டது. இர்விங்கில்தான் எங்கள் முதல் அபார்ட்மெண்ட்.

சிரிப்பு நின்றுவிட்டது. ஒருவரும் பேசவில்லை. "அண்ணா, நீங்க சொல்லுங்க" என்றாள் நித்யா. என்ன அருமையாக எழுதியிருக்கிறாள் பாவி! ஒரு வார்த்தை வரவில்லை.

மல்லிகைக் கதை, வட்டத்தின் பெரியவர் மூர்த்தி அங்கிளுடையதாம். மனுஷர் சந்தோஷத்தில் மலை இறங்கும் வரை என் தோளில் போட்ட கையை எடுக்கவில்லை.

காரில், "நான் ஏதாவது சொல்லியிருக்கணும், கலா" என்றேன். சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். அப்புறம், "உங்க மூஞ்சியப் பாத்தேன், அது போதும். ரோட்டப் பாத்து டிரைவ் பண்ணுங்க."

அக். 26, ஞாயிறு
மழை. கால் வலி. காலையிலிருந்து கலா டைனிங் டேபிளில், லேப்டாப்போடு.

"எழுதறத விடலையா?" என்றேன்.

நிமிரவில்லை. "காப்பி நீங்களே போட்டுக்கோங்க. எனக்கும்."