சம்பந்தி கையில் ரிமோட்

2-10-96, புதன். சான் ஹோசே.

நல்ல வெயில், ஆனாலும் ஸ்வெட்டர். நூலகத்திலிருந்து வீடியோ கேசட் வந்தது. படங்கள் பேசத் தொடங்கிய காலத்து ஹாலிவுட் படம், கறுப்பு வெள்ளை. ஒரு நாவலை வைத்து எடுத்த போர்க்காலக் காதல் கதை. நாவலை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். சனிக்கிழமை நூலக முதியோர் வட்டத்தில் இந்தப் படத்தைப் பற்றி நான் பேச வேண்டும். கணக்கு வாத்தியாராக ரிட்டயர் ஆகி நான்கு வருடம் கழித்து மறுபடி ஒரு வகுப்பு!

வாங்க: புளி, என் மனைவி சரோஜாவின் முட்டிக்குத் தைலம்.

3-10, வியாழன்.

காலையில், எங்களைப் போலவே பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா வந்திருக்கும் சம்பந்தியுடன் வாக்கிங். மாலையில் எல்லோருமாகப் படம். ரிமோட் சம்பந்தி கையில். சிப்பாயும் தபாலாபீஸ் பெண்ணும் நெருங்கி நின்றாலே ஒரு செருமல், உடனே ஃபாஸ்ட் ஃபார்வர்டு.

"பொம்பளைங்க இருக்காங்க, சம்பந்தி."

நான் மறுக்கவில்லை. ஊரில் இந்த மாதிரி கட்டத்தில் தண்ணீர் குடிக்க எழுந்து போகிறவன்தானே நானும்.

கடைசியில் அவள் கையில் திடீரென்று ஒரு குழந்தை.

"இது எப்ப வந்தது?" என்றேன்.

"யுத்தத்துல அப்பா அம்மா செத்துப்போன குழந்தையா இருக்கும். எடுத்து வளக்கறா, பாவம்."

பொருந்தியது. சரோஜா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுதுவிட்டாள் போல.

4-10, வெள்ளி.

குறிப்புகள் தயார். தொடாமலே வளர்ந்த காதல். அனாதைக் குழந்தைக்குப் புகலிடம். உதாரணங்கள் மூன்று. கண்ணாடி முன் இரண்டு முறை பேசிப் பார்த்தேன்.

சரோஜா: "அந்தக் குழந்தை விஷயம் மட்டும் வேணாமே."

"அதுதான் கிளைமாக்ஸே!"

5-10, சனி.

குழந்தை வரும்வரை நல்ல அமைதி. பிறகு இருபது பேரும் சிரித்தார்கள். முன்வரிசை அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் எந்தப் படத்தைப் பார்த்தேன் என்று கேட்டார். ரிமோட் விவரத்தை ஒளிக்காமல் சொன்னேன். இன்னும் பலமான சிரிப்பு. அடுத்த மாதமும் பேச வேண்டுமாம்.

நடுவரிகளை விட்டுவிட்டு விடையை மட்டும் எழுதிய எத்தனை பையன்களுக்கு முட்டை போட்டிருப்பேன்!

திரும்பி நடக்கையில் சரோஜா: "வியாழக்கிழமை நீங்க வாக்கிங் போனப்பவே நானும் சம்பந்தியம்மாவும் முழுசா பாத்துட்டோம். சம்பந்தி ஓட்டிவிட்டாரே, அந்த மாதிரி மொத்தம் ஏழு."

"என்ன ஏழு?"

மறுபடி முந்தானை வாய்க்குப் போனது. வியாழக்கிழமையும் அது அழுகை இல்லை, சிரிப்பு.

"ஏன் சொல்லல?"

"முழுசா பாத்தேன்னு உங்ககிட்ட எப்படிங்க சொல்றது?"

6-10, ஞாயிறு.

மேகமூட்டம். நாளை கேசட்டைத் திருப்பித் தர வேண்டும். சம்பந்தி மத்தியானத் தூக்கத்தில். ரிமோட் என் கையில். சரோஜா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ரயிலடிக் காட்சி வந்தது. எனக்குத் தானாகவே ஒரு செருமல்.

"தொண்டை கரகரன்னா மிளகுப்பால் தரேன்," என்றாள். "அதை மட்டும் அமுக்காதீங்க."